முகப்பருவும் கடைக் களிம்பும்

முகத்தில் எழும் பருவை ஒரு பிணியாக மதிப்போர் நம்மிடையே மிகச் சிலரே. பதினைந்து வயதில் வரும், இருபத்தைந்தில் போகும், கல்யாணம் ஆனால் தானே அடங்கிவிடும் என்று பெரியோர் சொல்லி முடித்துவிடுகின்றனர். பரு உடைய பிள்ளைக்கோ அது அவ்வளவு சிறிய செய்தியன்று. கண்ணாடிமுன் நிற்கக் கூசும் பெண்ணும், பள்ளிக்கூடத்துப் படத்திற் கடைசி வரிசையில் முகத்தை மறைத்து நிற்கும் பையனும் நெசவாளர் தெருவிலும் உண்டு. களத்துமேட்டை ஒட்டிய குடியிருப்பிலும் உண்டு. பெரியோர் கவனியாது விட்ட இடத்திலேதான் பிள்ளை தானாகக் கடைக்குச் சென்று, யாரோ சொன்ன ஒரு களிம்பை வாங்கிப் பூசத் தொடங்குகிறது. அக்களிம்பினால் விளையும் கேட்டை நம் அங்கத்தினர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் முதல் நோக்கம். ஆயினும், பரு எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்தாலன்றிக் களிம்பின் கேடு விளங்காது.

இது ஏதோ ஓர் ஊர்க்கோ ஒரு குலத்துக்கோ உரிய குறையன்று. 2010-ஆம் ஆண்டுக்கென எடுக்கப்பட்ட உலக நோய்க் கணக்கின்படி, மக்கட்டொகையில் நூற்றுக்கு 9 பேருக்கு மேல் பரு உடையவர்களாய் இருந்தனர். உலகில் மிகப் பரவலான நோய்களின் வரிசையில் அதற்கு எட்டாம் இடம். பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு வயதுக்குட்பட்டோரிற் பெரும்பாலோர்க்கு அது ஏதேனும் ஓர் அளவில் வந்தே தீர்கிறது.

கடைமடை அடைப்பு

நம் உடலில் உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக ஏறத்தாழ எல்லா இடங்களிலும் மயிர்க்கால்கள் உள்ளன. ஒவ்வொரு மயிர்க்காலையும் ஒட்டி ஒரு சிறு எண்ணெய்ச் சுரப்பி அமைந்திருக்கிறது. அது சுரக்கும் நெய்ப்பசை மயிர்த்துளை வழியே மேலே வந்து தோலை வறளாமற் காக்கின்றது. முகத்திலும் மார்பிலும் முதுகின் மேற்புறத்திலும் இச்சுரப்பிகள் பெரியவை, நெருங்கியவை. பருவும் அவ்விடங்களிலேயே மிகுதி.

பிள்ளைகள் பருவமடையும்போது ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆணியல்புச் சுரப்புநீர் இரத்தத்தில் உயர்கிறது. பெயரைக் கண்டு இது ஆண்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணலாகாது. பெண்ணுடலிலும் அது குறைந்த அளவில் உண்டு. அதன் தூண்டுதலால் எண்ணெய்ச் சுரப்பி பருத்து, முன்னிலும் மிகுதியாக நெய்யைச் சுரக்கிறது. அதே காலத்தில் மயிர்த்துளையின் உட்சுவரிலிருந்து உதிர வேண்டிய செத்த தோற்செதில்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நெய்யும் செதிலும் சேர்ந்து துளையை அடைக்கும் ஒரு தக்கையாகின்றன.

காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கு அடைப்பு என்றால் என்னவென்று எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. அரசலாற்றின் கிளை வாய்க்காலில் வண்டலும் ஆகாயத்தாமரையும் சேர்ந்து மதகை அடைத்தால், வருகிற தண்ணீர் போக வழியின்றித் தேங்கிக் கரையை உப்பச் செய்கிறதன்றோ? பருவின் தொடக்கமும் அத்தகையதே. தேங்கிய நெய்யில் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்னும் நுண்ணுயிர் பெருகுகிறது. இது வெளியிலிருந்து ஒட்டிக்கொள்ளும் கிருமியன்று. எல்லோருடைய தோலிலும் எப்போதும் குடியிருப்பது. காற்றற்ற அடைப்புக்குள் அதற்கு நெய்யாகிய உணவு கிடைக்கும்போது, உடலின் காப்புப்படை அதனை எதிர்த்தெழுகிறது. அந்த எதிர்ப்பே சிவப்பும் வீக்கமும் சீழும் வலியுமாகத் தோன்றுகிறது. சுவர் உடைந்து உள்ளிருப்பது தோலின் ஆழத்திற் பரவினாற் கட்டியாகிறது. ஆறியபின் குழி விழுவது பெரும்பாலும் இத்தகைய ஆழ்ந்த கட்டிகளாலேயே.

கண்ணுக்குப் புலப்படும் பரு நேற்றிரவு பிறந்ததன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அடைப்புத் தொடங்கிப் பரு வெளித்தோன்றப் பல வாரங்கள் செல்கின்றன. ஆதலால், "நேற்று விருந்தில் தின்றேன், இன்று பரு வந்தது" என்னும் கணக்குப் பெரும்பாலும் பிழைபடுகிறது. மருந்தும் அவ்வாறே. இன்று பூசி நாளை மறையும் என்று எதிர்பார்ப்பது, விதைத்த மறுநாளே அரிவாளைத் தீட்டுவதற்கு ஒப்பாகும்.

சில துளைகள் வாய் திறந்தபடியே அடைபட்டு, மூக்கின் மேலும் கன்னத்திலும் கரும்புள்ளியாக நிற்கும். அது அழுக்கன்று. தோலின் நிறப்பொருள் தக்கையின் நுனியிற் சேர்ந்தும், காற்றுப்பட்டும் கறுக்கிறது. எத்தனை முறை சோப்பிட்டுத் தேய்த்தாலும் அது போகாமைக்குக் காரணம் இதுவே. "முகம் கழுவாத சோம்பேறிக்குத்தான் பரு வரும்" என்று பிள்ளைகளைக் கடிந்து கொள்வோர் இதனை மனத்திற் கொள்ளல் நன்று. பரு அழுக்கினால் வருவதில்லை. ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தொற்றுவதும் இல்லை.

ஆண்ட்ரோஜன் இதற்கு மூலம் என்பது பழைய உண்மை. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1941-இல் இதனைத் தெளிவுபடுத்தினார். பருவமடையுமுன் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்குப் பரு வருவதில்லை என்றும், அவர்களுக்கு அச்சுரப்புநீரைச் செலுத்தினாற் பரு தோன்றுகிறது என்றும் அவர் கண்டார். குடும்ப வழியும் பெரியதொரு காரணம். 2002-இல் இங்கிலாந்தில் இரட்டைப் பிறவிப் பெண்களை ஒப்பிட்ட ஓர் ஆராய்ச்சி, பரு ஒருவர்க்கு மிகுவதும் ஒருவர்க்குக் குறைவதுமாகிய வேற்றுமையில் நூற்றுக்கு 81 பங்கு பிறப்புவழிக் கூறுகளைச் சார்ந்தது என்று கணக்கிட்டது. தகப்பனுக்கோ தாய்க்கோ கன்னத்திற் பழைய குழிகள் இருப்பின், அவ்வீட்டுப் பிள்ளைக்குத் தொடக்கத்திலேயே மருத்துவம் பார்த்தல் வேண்டும்.

பெண்களுக்கு மாதவிலக்குக்குச் சில நாள் முன்பு பரு கூடுவது இயல்பு. ஆனால் விலக்குப் பல மாதம் தள்ளிப் போவதும், மேலுதட்டிலும் தாடையிலும் மயிர் வளர்வதும், உடல் பருப்பதும் பருவுடன் சேர்ந்து வருமாயின், சினைப்பையில் நீர்க்கட்டி என்று வழங்கும் கோளாறு இருக்கக்கூடும். அதற்கு முகத்திற் பூசிப் பயனில்லை. வெட்கம் பாராது தாய் தன் மகளைப் பெண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும்.

மிகுவிப்பன யாவை

பருவை உண்டாக்குவது உடலின் உள்ளே. மிகுவிப்பதிற் பெரும்பங்கு நம் கையில். முதலாவது குற்றவாளி நகம். பருவைக் கிள்ளிப் பிதுக்கும்போது வெளியே வருவதைவிட உள்ளே உடைந்து பரவுவது அதிகம். நம் போன்ற கருமை கலந்த நிறத்தவர்க்கு, ஆறிய இடம் கருந்தழும்பாகப் பல மாதம் நிற்கும். வெயில் பட்டால் மேலும் கறுக்கும். எலுமிச்சைச் சாறு, பற்பசை, சோடா உப்பு ஆகியவற்றைப் பூசுவதும் தோலைப் புண்ணாக்கி இத்தகைய தழும்பையே தரும். நாளில் இருமுறை மென்மையான சோப்பினாற் கழுவுதல் போதும். தேங்காய் நாரையும் சொரசொரப்பான பொடியையும் பாத்திரத்துக்கு வைத்துக்கொள்வோம்.

எண்ணெய் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லுதல் தகும். தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவுவது நம் வழக்கம், அதிற் குறையில்லை. அது நெற்றியில் வழிந்து கன்னத்துக்கு இறங்குவதே குறை. 1970-இல் அமெரிக்க மருத்துவர்கள் தலைமயிர்ப் பூச்சு மிகுதியாக இடுவோர்க்கு நெற்றியோரத்தில் வரிசையாகப் பரு எழுவதைக் கண்டு அதற்குத் தனிப் பெயரே வைத்தனர். பருவுள்ள பிள்ளைக்கு எண்ணெயை அளவாக இட்டு, நெற்றியைத் துடைத்துவிடுதல் வேண்டும். இரவில் தலையணை உறைக்கு எண்ணெய் ஏறாமற் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

விசைத்தறியிலும் நூலாலையிலும் பணிபுரிவோர்க்கு வேறோர் எண்ணெய் உண்டு. பொறிக்கு விடும் மசகெண்ணெய் ஊறிய சட்டையும் கைலியும் நாள்முழுதும் உடலோடு ஒட்டிக் கிடந்தால், முன்கையிலும் தொடையிலும் கரும்புள்ளியும் பருவும் கிளம்பும். முகத்தில் ஒன்றும் இராது. இதனைச் சொறி, சிரங்கு என்று மயங்குவர். வேலை முடிந்ததும் துணியை மாற்றுவதும் சோப்பிட்டுக் குளிப்பதுமே இதற்கு முதல் மருத்துவம்.

வெப்பமும் ஈரமும் கூடிய கடற்கரைக் காற்றும் தன் பங்கைச் செய்கிறது. இரண்டாம் உலகப் போரில் வெப்ப நாடுகளுக்கு அனுப்பப்பட்ட வெள்ளைச் சிப்பாய்கள் பலர்க்கு முதுகிலும் பிட்டத்திலும் கொடிய பருக்கள் எழுந்தன. சித்திரை வைகாசியில் வியர்த்த சட்டையோடு உறங்குவோர்க்கு இது நல்ல எச்சரிக்கை. தொடர்ந்த உராய்வும் அழுத்தமும் அத்தகையனவே. தோளில் மூட்டை சுமக்கும் இடத்திலும், தலைக்கவசத்தின் வார் உராயும் தாடையிலும் பரு வருவதுண்டு. 2020-இல் பெருந்தொற்று வந்து எல்லோரும் முகக்கவசம் அணிந்தபோது, மூக்கும் தாடையும் மறைந்த பகுதியிற் பரு பெருகியதை நம்மிற் பலர் கண்டிருப்போம்.

மருந்தினாலும் பரு வரும். உட்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரை, காசநோய்க்குத் தரும் ஐசோநையாசிட், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், மனநோய்க்குத் தரும் லித்தியம் ஆகியன அத்தகையவை. அதற்காக அம்மருந்துகளை எவரும் தாமே நிறுத்திவிடலாகாது. காசநோய் மருந்தை இடையில் விட்டால் உயிருக்கே ஊறு. பருவுக்கு வேறு வழி உண்டு. உடற்பயிற்சிக் கூடங்களில் இளைஞர்க்குத் தசை வளரும் என்று சொல்லிப் போடும் ஊசியோ வேறு கதை. அது ஆண்ட்ரோஜனின் இனமே. முதுகு முழுதும் கட்டியாகும்.

உணவைப் பற்றித்தான் வீட்டுக்கு வீடு வழக்கு. "உடம்புச் சூடு" என்று மாம்பழத்தையும் கோழிக்கறியையும் மீனையும் விலக்குவோர் உளர். மருத்துவ ஆராய்ச்சி அவற்றைக் குற்றஞ்சாட்டவில்லை. 1969-இல் அமெரிக்காவில் 65 பேர்க்குச் சாக்லேட் கொடுத்துப் பார்த்து, அதனாற் பரு மிகவில்லை என்று முடிவு கூறினர். ஆனால் ஒப்பிடுவதற்காகக் கொடுத்த மற்ற மிட்டாயிலும் அதே அளவுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் இருந்தமையால், அம்முடிவை இன்று ஐயத்தோடுதான் ஏற்கின்றனர். 2002-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் சுவையானது. பாப்புவா நியூ கினி நாட்டைச் சார்ந்த கிட்டாவா என்னும் தீவில் 1,200 பேரைப் பரிசோதித்தபோது ஒருவர் முகத்திலும் பரு இல்லை. அவர்கள் உண்பது கிழங்கும் கனியும் தேங்காயும் மீனுமே. தேங்காயும் மீனும் நம் கரையோரத்தார் உணவும் ஆதலால், அவற்றின்மேல் பழி சுமத்த இடமில்லை. அவர்களிடம் இல்லாதது வெள்ளைச் சர்க்கரையும் மைதாவும் புட்டியிலடைத்த இனிப்புப் பானமும். 2007-இல் ஆஸ்திரேலியாவில் பருவுள்ள 43 இளைஞரை இரு பிரிவாக்கி 12 வாரம் பார்த்தனர். இரத்தத்திற் சர்க்கரையை விரைந்து ஏற்றாத உணவு உண்ட பிரிவினர்க்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. அவர்கள் உடல் எடையும் குறைந்தமையால், எது எதனாலென்று முற்றும் பிரித்தறிய இயலவில்லை. பாலுக்கும் பருவுக்கும் தொடர்பிருப்பதாகச் சில கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. காரணம் அதுவே என்று நிறுவப்படவில்லை. ஆதலால் வளரும் பிள்ளைக்குப் பாலை நிறுத்த வேண்டுவதில்லை. நாளைக்கு நான்கு முறை சர்க்கரை கரைத்த தேநீரும் மாலையிற் பரோட்டாவும் என்னும் பழக்கத்தைக் குறைப்பது பருவுக்கன்றி வேறு பலவற்றுக்கும் நல்லதே.

உழவர் அறிய வேண்டிய ஒரு செய்தி. பருவைப் போலவே தோன்றும் நச்சுப்பரு என ஒன்று உண்டு. குளோரின் சேர்ந்த சில இரசாயனங்கள் உடலிற் சேர்வதால் வருவது. 1899-லேயே ஜெர்மானிய மருத்துவர் ஹெர்க்ஸ்ஹைமர் இதனை விவரித்தார். 1968-இல் மேற்கு ஜப்பானில் தவிட்டெண்ணெய் ஆலையொன்றிற் குழாய் கசிந்து அத்தகைய நஞ்சு எண்ணெயிற் கலந்தது. அதை உண்ட ஆயிரத்துக்கு மேற்பட்டோர் முகமும் முதுகும் கரும்பருக்களால் நிறைந்தன. களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ இருந்த டப்பாவில் எண்ணெயும் அரிசியும் வைத்துக்கொள்ளும் சிக்கனம் வேண்டவே வேண்டாம். நடுவயதில், பருவே அறியாத ஒருவர்க்குக் கண்ணோரத்திலும் காதின் பின்னும் திடீரெனக் கரும்புள்ளிகள் பெருகினால், தாம் கையாளும் மருந்தின் பெயரை மருத்துவரிடம் சொல்லல் வேண்டும்.

களிம்பு செய்யும் மாயம்

இனி அந்தக் கடைக் களிம்புக்கு வருவோம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்னும் பெயருடைய மருந்துகள் ஸ்டீராய்டு இனத்தவை. கரப்பான், சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு மருத்துவர் அளந்து, நாள் குறித்துத் தரும்போது அவை அரிய மருந்துகளே. முகப்பருவுக்கு அவை மருந்தல்ல.

அவற்றைப் பூசியதும் தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, சிவப்பு மறைகிறது, காப்புப்படை அடங்கி வீக்கம் வடிகிறது. இரண்டே வாரத்தில் முகம் வெளுத்து மழமழப்பாகிறது. தோழியர் கேட்கின்றனர், பெயர் பரவுகிறது, தெருவில் பத்து வீட்டுக்கு அதே குழாய் வருகிறது. சில மாதம் சென்றபின் தோல் காகிதம்போல் மெலிகிறது. செந்நூல் இழையோடியதுபோல் இரத்தக் குழாய்கள் கன்னத்திற் தெரிகின்றன. பெண் முகத்தில் மயிர் அடர்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பருவுக்காகப் பூசினாரோ அந்தப் பரு நூறாக எழுகிறது. பூசுவதை நிறுத்தினாலோ முகம் நெருப்புப் பட்டதுபோற் சிவந்து எரிகிறது. எரிச்சல் தாளாமல் மீண்டும் பூசுகின்றனர். கள்ளுக்கடைப் பழக்கத்துக்கும் இதற்கும் நான் பெரிய வேற்றுமை காணவில்லை.

இது கற்பனையன்று. இந்தியாவின் பல நகரங்களிலுள்ள தோல்நோய்ப் பிரிவுகளில் முகக்கோளாறுடன் வந்த 2,926 பேரை ஆராய்ந்து 2011-இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. அவர்களில் 433 பேர், அஃதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர், முகத்தில் ஸ்டீராய்டு பூசி வந்தவர்கள். அவர்களுள்ளும் 257 பேர்க்கு அதைப் பூசச் சொன்னவர் மருத்துவர் அல்லர். உறவினர், நண்பர், கடைக்காரர் போன்றோரே. பருவுக்கென்று பூசியவர் பலர். நிறம் வெளுக்கவென்று பூசியவர் அதனினும் பலர். விளைந்த தீங்குகளுள் முதலிடம் பெற்றது பருவே. இதன்பின் தோல் மருத்துவர் சங்கத்தார் இடைவிடாது முறையிட்டனர். 2018 மார்ச்சில் மத்திய அரசு பதினான்கு ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலிற் சேர்த்தது. சட்டம் பிறந்து பல ஆண்டு ஆனபின்னும், சீட்டுக் கேளாமற் குழாயை எடுத்துத் தரும் கைகள் ஓயவில்லை.

வெளுப்பு ஆசைதான் இதற்கு வித்து. அழகுருவை வேண்டாமென்று உதறிப் பேயுருவைக் கேட்டுப் பெற்ற அம்மையாரின் ஊரில் நாம் வாழ்கிறோம். அத்துறவு எல்லோர்க்கும் ஆகாது. பதினைந்து வயதுப் பெண்ணிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமன்று. ஆனால் பெண் பார்க்க வருகிறார்கள் என்று பத்து நாள் முன்னதாகத் தாயே அந்தக் குழாயை வாங்கிக் கொடுப்பதை என்னென்பது? வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பரிசாகக் கொணரும், உட்பொருளின் பட்டியல் அச்சிடாத டப்பாவும் இவ்வகையிலேயே சேரும்.

அப்படியாயின் பருவுக்கு முறையான மருந்து இல்லையா? உண்டு, விலையும் பெரிதன்று. துளையின் அடைப்பை நீக்கும் அடாபலீன் பூச்சு, நுண்ணுயிரைக் குறைக்கும் பென்சாயில் பெராக்சைடு பூச்சு ஆகிய இரண்டும் முதன்மையானவை. முதற்சில வாரம் தோல் சற்று வறண்டு உரியும். பரு கொஞ்சம் கூடினாற்போலவும் தோன்றும். அங்கேதான் பெரும்பாலோர் கைவிட்டுவிடுகின்றனர். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுத்தாலன்றிப் பயன் தெரியாது. ஆழ்ந்த கட்டி உடையோர்க்கு மருத்துவர் உட்கொள்ளும் மருந்து தருவார். அவற்றுள் ஐசோட்ரெட்டினாயின் மிக வலியது. கருவுற்றிருக்கும்போது உட்கொண்டால் குழந்தையின் உறுப்புகள் பழுதுபடும். மணமான பெண்களும், மணத்துக்கு நிற்கும் பெண்களும் அதனை மருத்துவர் மேற்பார்வையின்றித் தொடுதலும் கூடாது. நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைப் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விழுங்குவதும் தவறு. நுண்ணுயிர் அம்மருந்துக்கு அடங்காததாகிவிடும்.

நெசவாளர் வீடுகளுக்கு ஒரு சிறு குறிப்பு. பென்சாயில் பெராக்சைடு சாயத்தை வெளுக்கும் தன்மையது. அதைப் பூசிய முகத்தைச் சாயத்துண்டாற் துடைத்தாலும், நல்ல சேலைத் தலைப்பு முகத்திற் பட்டாலும் வெண்திட்டு விழும். எந்தச் சோப்பாலும் மீளாது. பூசிய கையோடு தறியில் உட்கார்ந்து பாவைத் தொடுவதும் ஆகாது. வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் அதற்கென்றே ஒதுக்கிவிடுக.

ஏற்கெனவே ஸ்டீராய்டுக் களிம்புக்கு அடிமையானவர், இதைப் படித்த உடனே குழாயைத் தெருவில் எறிந்துவிட வேண்டாம். பலநாட் பழக்கத்தைச் சட்டென நிறுத்தினால் எரிச்சல் மிகும். எவ்வளவு நாளிற் குறைப்பது, இடையில் எதைப் பூசுவது என்பதை மருத்துவரே சொல்லல் வேண்டும். காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ செல்லும்போது அந்தக் குழாயையும் அது வந்த அட்டைப்பெட்டியையும் கையோடு எடுத்துச் செல்க. உள்ளே இருந்தது இன்ன மருந்து என்பதை மருத்துவர் அந்த அட்டையிலுள்ள சிற்றெழுத்திலிருந்தே அறிந்துகொள்வார்.